நாலு பேரும் சேர்ந்து பார்க்க வேண்டிய குரங்கு

சென்னியப்பன் மூன்றாவது முறையாகச் சிங்கவால் குரங்கு பார்க்கக் காட்டுக்குப் புறப்பட்டார்.

முதல் இரண்டு முறையும் அவருடைய முயற்சியில் குறை சொல்ல முடியாது. முதல் முறை, "விடிகாலையில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் முதல் பஸ்ஸைப் பிடித்துவிடுங்கள்" என்று யாரோ சொல்லியிருந்தார்கள். உள்ளே நுழைந்ததும் முதலில் நின்றது பழனி பஸ். நண்பர்களோடு அதைப் பிடித்தார். எல்லோரும் மொட்டையோடு திரும்பினார்கள். இரண்டாம் முறை, "மழை பெய்தால் காட்டுக்குப் போகாதீர்கள்" என்பது அறிவுரை. அவர்கள் ஊரான பல்லடத்தில் தூறியது. எந்த ஊர் மழை என்று சொல்லப்படாததால் யாரும் வீட்டைவிட்டு இறங்கவில்லை. அன்று காட்டில் நல்ல வெயில் என்று பிற்பாடு தெரிந்தது. மழைக்கு ஒரு நிதானம் வேண்டாமா என்று வருத்தப்பட்டார்கள்.

மூன்றாம் பயணத்துக்கு முந்தின நாள் அவர் மனைவி வசந்தாமணி தன் முடிவைச் சொன்னார்.

"ஏனுங், இதுதான் கடைசி. கொரங்கைப் பாத்துட்டு வந்தீங்கன்னா ஞாயித்துக்கெழமை உங்குளுது. எங்க வேணும்னாலும் போங்க, நான் வாயத் தொறக்க மாட்டேன். பாக்காம வந்தீங்கன்னா, அடுத்த வாரத்திலிருந்து எந்தம்பி கோழிப்பண்ணைக்குப் போயரோணும். அங்க ஞாயித்துக்கெழமை ஒரு ஆளும் வேலைக்கு வர்றதில்ல."

சென்னியப்பன் அந்தப் பண்ணைக்கு ஒரே ஒரு தடவை போயிருக்கிறார். அதன் வாடை மூன்று நாள் அவரோடு தங்கியிருந்தது. உள்ளே நுழைந்தபோது நாலாயிரம் கோழிகளும் ஒரே சமயத்தில் தலையைத் திருப்பி அவரைப் பார்த்தன. பணி ஓய்வு பெற்ற மனிதனை இத்தனை பேர் சேர்ந்து எதிர்பார்ப்பது நல்லதற்கில்லை என்று அவருக்கு அப்போதே பட்டது.

அவருடைய நண்பர்கள் மூன்று பேர். நாலு பேரும் ஒரே கூட்டுறவுப் பண்டகசாலையில் முப்பது வருஷம் வேலை பார்த்து, ஒரே மாதத்தில் ஓய்வு பெற்றவர்கள். ஆறுச்சாமி அங்கே செயலாளராக இருந்தவர். வேலை முடிந்து ஆறு வருஷமாகியும் அவரை எல்லோரும் செக்ரட்ரி என்றே கூப்பிட்டார்கள். அவருடைய பேரனும் அப்படித்தான். வெள்ளிங்கிரி தீர்மானப் புத்தகம் எழுதியவர். கனமான சிவப்பு அட்டை போட்ட அந்தப் புத்தகத்தில் ஒன்றை இன்னும் கக்கத்தில் வைத்துக்கொண்டே நடப்பார். கோதண்டம் எடை போட்டவர். மணிக்கொரு தடவை டீ குடிப்பவர்.

பண்டகசாலையில் ஒரு வழக்கம் இருந்தது. சரக்கு இருப்பைச் சரிபார்க்கும்போது நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே மூட்டையைப் பார்க்க வேண்டும். உடனே புத்தகத்தில் எழுத வேண்டும். மூன்று பேர் பார்த்த மூட்டை, மூட்டையே அல்ல. ஓய்வுக்குப் பிறகு மூட்டைகள் இல்லாமல் போயின. வழக்கம் மட்டும் மிச்சமிருந்தது. அதை அவர்கள் குரங்குக்கும் நீட்டித்திருந்தார்கள்.

இந்த முறை சரியான பஸ். மழையும் இல்லை. மலை மேல் கன்னியம்மா காத்திருந்தார். அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்து, வெளியாட்களுக்கு வழி காட்டும் பெண். முப்பது வயதிருக்கும். நாலு பேரும் பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்த நடையைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது.

"ஏன் சார் எல்லாரும் நொண்டுறீங்க?"

"நீதானம்மா போன்ல சொன்னே, அட்டை கடிக்கும், ஷூவுக்குள்ள உப்புப் போட்டுட்டு வாங்கன்னு" என்றார் ஆறுச்சாமி.

"ஆமா. எவ்வளவு போட்டீங்க?"

"நீ அளவு சொல்லல. அளவு சொல்லாத எடத்துல கொள்ளுற மட்டும் போடறதுதான் மொறை."

ஆளுக்கு அரைக் கிலோ கல் உப்பின் மேல் நின்றுகொண்டிருந்தார்கள். கன்னியம்மா கொட்டச் சொன்னார். கொட்டினார்கள். பிறகு அவர், தன் வாழ்நாளில் இனி ஒருபோதும் சொல்ல விரும்பாத வாக்கியத்தைச் சொன்னார்.

"வழியில பாம்பு கீம்பு இருக்கும். நான் கால் வெச்ச எடத்துலயே கால் வெச்சு வாங்க."

கன்னியம்மா குள்ளம். அடி சின்ன அடி. நாலு பெரிய மனிதர்களும் புதுப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்துக் கால் மணி நேரம் நடந்தார்கள். ஓடைக்குப் பக்கத்தில் கன்னியம்மா கால் வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தால், ஆறுச்சாமி அதே இடத்தில் கவனமாக வழுக்கிக்கொண்டிருந்தார். அடுத்து வெள்ளிங்கிரி. கோதண்டத்துக்கு முதல் தடவை சரியாக வழுக்கவில்லை. பின்னால் போய் மறுபடி வந்து விழுந்தார்.

"எதுக்கு சார்?" என்றார் கன்னியம்மா.

"சொன்னாச் செஞ்சு குடுக்கோணுமில்லம்மா" என்றார் கோதண்டம், சேற்றிலிருந்து.

சென்னியப்பன் மட்டும் விழுவதற்கு முன் ஒரு கணம் யோசித்தார். கோழிகள் நினைவுக்கு வந்தன. விதியை மீறி இந்தப் பயணத்தைக் கெடுத்த பழி தன் மேல் விழ வேண்டாமென்று, மெதுவாகச் சேற்றில் உட்கார்ந்து எழுந்தார்.

மரங்கள் நெருக்கமான இடத்தில் கன்னியம்மா குரலைத் தாழ்த்தினார். "இனிமே யாரும் பேசக் கூடாது. எதாச்சும் தெரிஞ்சா கைய மட்டும் தூக்குங்க."

பத்து நிமிஷம் போயிருக்கும். சென்னியப்பன் நிமிர்ந்தார். உயரத்தில் ஒரு கிளையில் அது உட்கார்ந்திருந்தது. கரிய உடம்பு. முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரிமயிர். தணிக்கைக்கு வந்த அதிகாரியைப் போல அவரைப் பார்த்தது. சென்னியப்பன் கையைத் தூக்கினார்.

ஆறுச்சாமி அதைக் கவனித்தார். தானும் கையைத் தூக்கினார். வெள்ளிங்கிரி தூக்கினார். கோதண்டம் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் தூக்கினார்.

வெள்ளிங்கிரி புத்தகத்தைத் திறந்து, 'ஏகமனதாக நிறைவேறியது' என்று எழுதினார்.

"என்ன நிறைவேறுச்சு?" என்று கத்தினார் சென்னியப்பன். "கொரங்கு! அங்க பாருங்க, கொரங்கு!"

கத்தியதில் கிளை காலியாகிவிட்டது.

"நீ ஒருத்தன் பாத்தது செல்லாது, சென்னி" என்றார் ஆறுச்சாமி ஆதரவாக. "மனசுல வெச்சுக்க. புத்தகத்துல வராது."

"பேசுங்க சார், பரவாயில்ல. மெதுவாப் பேசுங்க, போதும்" என்றார் கன்னியம்மா. அவருக்கு இப்போது களைப்பாக இருந்தது.

பலா மரம் ஒன்றின் அடியில் அவர்களை உட்கார வைத்தார். பழம் பழுத்து வாசம் வீசியது. குரங்குகள் கட்டாயம் வரும் என்றார். கோதண்டம் காலையிலிருந்து குடித்த நாலு டீயும் அப்போதுதான் அவரைக் கூப்பிட்டன. பாறை மறைவுக்குப் போனார்.

அவர் போனதும் குரங்குகள் வந்தன.

ஒன்றல்ல, பத்துப் பன்னிரண்டு. குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு ஒன்று. தாழ்ந்த கிளையில் இறங்கி, கை எட்டும் தூரத்தில் பலாவைப் பிய்க்கத் தொடங்கின. இருபது வருஷத்தில் இவ்வளவு கிட்டத்தில் தானே பார்த்ததில்லை என்று கன்னியம்மா முணுமுணுத்தார்.

"யாரும் பாக்காதீங்க!" என்றார் ஆறுச்சாமி. "கோதண்டம் இல்ல. திரும்பிக்குங்க!"

வெள்ளிங்கிரி உடனே திரும்பி நின்றார். சென்னியப்பனுக்குக் கண்ணீர் முட்டியது. "செக்ரட்ரி, ஒரே ஒரு வாட்டி. எனக்குக் கோழிப்பண்ணைங்க."

"மூணு பேரு பாத்துட்டு நாளைக்கு ஒருத்தன் கேள்வி கேட்டா யாரு பதில் சொல்றது? திரும்பு, சென்னி."

சென்னியப்பன் திரும்பினார். மூன்று பேரும் குரங்குகளுக்கு முதுகைக் காட்டி, வரிசையாக, ஒரு வெற்றுப் பாறையைப் பார்த்து நின்றார்கள். பின்னால் பலாச்சுளை உரியும் சத்தம் கேட்டது. யாரோ சப்புக்கொட்டினார்கள். ஒரு கொட்டை வந்து சென்னியப்பனின் பிடரியில் விழுந்தது. அவர் அசையவில்லை.

கோதண்டம் வேட்டியைச் சரிசெய்துகொண்டு வந்தார். மூன்று பேரும் எதையோ உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பதைக் கண்டு, ஓடி வந்து வரிசையில் சேர்ந்து, அவரும் பாறையைப் பார்த்தார்.

"இப்பச் சரி" என்றார் ஆறுச்சாமி. "எல்லாரும் ஒண்ணாத் திரும்பலாம். ஒண்ணு, ரெண்டு, மூணு."

திரும்பினார்கள். நாலு பேரும் ஒரே நேரத்தில் ஒரே குரங்குக் கூட்டத்தைப் பார்த்தார்கள். குட்டி உட்பட. சந்தேகத்துக்கு இடமே இல்லை.

"பாத்துட்டம்! நாலு பேரும் பாத்துட்டம்!" சென்னியப்பன் கைகூப்பிவிட்டார். "வெள்ளிங்கிரி, எழுதப்பா!"

வெள்ளிங்கிரி பேனாவை எடுத்தார். அவருடைய கக்கம் காலியாக இருந்தது. புத்தகம் கிளையில், பெரிய ஆண் குரங்கின் மடியில் இருந்தது. இன்னும் மூன்று அதைச் சுற்றி உட்கார்ந்திருந்தன. ஆண் குரங்கு பக்கங்களைப் புரட்டியது. ஒன்றைக் கிழித்து, மோந்து, கீழே போட்டது.

"நிராகரிச்சிருச்சு" என்றார் வெள்ளிங்கிரி மெல்ல.

"என் போன்ல படம் எடுத்திருக்கேன் சார், அனுப்புறேன்" என்றார் கன்னியம்மா.

"படம் தீர்மானம் ஆகாதும்மா."

"அப்ப ஒரு பேப்பர் தர்றேன், அதுல எழுதுங்க."

"தனித்தாள் செல்லாது." ஆறுச்சாமி செருமிக்கொண்டார். கிளையை நிமிர்ந்து பார்த்தார். எண்ணினார். நாலு. "புத்தகம் யாருகிட்ட இருக்குதோ அவங்கதான் கமிட்டி. நாம இப்பப் பொறுப்புல இல்ல."

ஓய்வு பெற்ற அன்றுகூட அவர் குரல் இவ்வளவு தழுதழுத்ததில்லை. நாலு பேரும் மரத்தை நோக்கிக் கும்பிட்டுவிட்டு இறங்கினார்கள். கன்னியம்மா அன்றிலிருந்து ஒரு வாரம் லீவு போட்டார்.

வீட்டில் வசந்தாமணி ஒரே கேள்விதான் கேட்டார். "பாத்தீங்களா, இல்லீங்களா?"

"அதை நாஞ் சொல்ல முடியாது, அம்மிணி. புதுக் கமிட்டி இருக்குது. அவங்க எழுத்துல என்ன சொல்றாங்களோ அதான்."

"அப்பக் கோழிப்பண்ணை?"

"அதுவும் அவங்க உத்தரவு வந்தாத்தான். உத்தரவில்லாம நான் எங்கயும் போகக் கூடாது." சென்னியப்பன் சாய்வு நாற்காலியில் சாய்ந்தார். அவருக்கே தெரியாமல் தப்பித்துவிட்டார் போலிருந்தது.

வசந்தாமணி அவரைச் சற்று நேரம் பார்த்தார். பிறகு அலமாரியில் எதையோ தேடப் போனார்.

வியாழக்கிழமை வாசல் கதவுக்கடியில் ஒரு தாள் கிடந்தது. 'திரு. சென்னியப்பன் வரும் ஞாயிறு முதல் கோழிப்பண்ணையில் தீவனம் போடும் பணிக்கு நியமிக்கப்படுகிறார். இப்படிக்கு, குரங்குகள்.' அடியில் மையில் தோய்ந்த ஐந்து விரல்கள் பதிந்திருந்தன.

எழுத்து வசந்தாமணியின் எழுத்து என்பது சென்னியப்பனுக்கு உடனே தெரிந்தது. குரங்குகளுக்குத் தமிழ் எழுத வராது; தெரிந்தவர்களிடம் கொடுத்து எழுதி வாங்கியிருக்கும் என்று புரிந்துகொண்டார். மனைவியின் வலது கை அன்று சாயங்காலம் வரை நீலமாக இருந்தது. மருதாணி இந்த வருஷம் சரியாகச் சிவக்கவில்லை என்று ஆறுதல் சொன்னார்.

தாளை நண்பர்களிடம் காட்டினார். ஆறுச்சாமி இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது.

"முப்பது வருசம் செக்ரட்ரி நானு. உனக்கு மட்டும் உத்தரவு வந்திருக்குது!"

"நாங் கேட்டு வாங்கலீங், செக்ரட்ரி."

"எங்க பேரெல்லாம் அவங்க கண்ணுல படலியாக்கும்" என்றார் வெள்ளிங்கிரி. கோதண்டம் டீயைக் கீழே வைத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலை சென்னியப்பன் தலை சீவி, சலவைச் சட்டை போட்டு, உத்தரவைப் பையில் வைத்துக்கொண்டு பண்ணைக்குப் போனார். நாலாயிரம் கோழிகளும் தலையைத் திருப்பின. வாசலில் அவர் நண்பர்கள் மூன்று பேரும் அவருக்கு முன்பே வந்து நின்றார்கள். ஆளுக்கொரு குலை வாழைப்பழமும், தனக்கும் பணி கேட்டுக் குரங்குகளுக்கு எழுதிய ஒரு மனுவும் கையில் இருந்தன.

"உள்ள போறப்ப இதையும் சேத்துக் குடுத்துரு, சென்னி" என்றார் ஆறுச்சாமி. "உம்பட சிபாரிசு இருந்தா அவங்க தட்ட மாட்டாங்க."