பவளாயி சாப்பிட்டாளா?

முன்னொரு காலத்தில் செவ்வாழைப் பட்டணத்தைச் சிகாமணி ராஜா ஆண்டுவந்தார். ஆண்டுவந்தார் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஒரு சட்டம் போடுவார், மத்தியானம் தூங்கி எழுந்ததும் அதை மாற்றுவார். ஆள் கெட்டவர் இல்லை. காதில் கடைசியாக யார் பேசினார்களோ அவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவார், அவ்வளவுதான். அந்தக் காதுக்குப் பக்கத்திலேயே ஆசனம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பிரதானி அம்பலவாணர்.

அதே ஊரில் பவளாயி என்று ஒருத்தி. புருஷன் விஷக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபோது மகன் வையாபுரி இடுப்புக் குழந்தை. அடுத்தாற்போல மழையும் பொய்த்தது. துக்கம் விசாரிக்க வந்த சொந்தக்காரர்கள் போனவர்கள் போனவர்கள்தான். பவளாயி பெரிய வீடுகளில் நெல் குத்தினாள். கூலியாகக் கிடைத்த குருணையில் கஞ்சி காய்ச்சி, பையனைப் பல் விழுந்து முளைக்கிற வயசுவரை கொண்டுவந்துவிட்டாள். வீட்டில் எதற்குப் பஞ்சம் இருந்தாலும் அவன் வாய்க்குப் பஞ்சம் இல்லை.

ஒரு நாள் ராஜாவின் பல்லக்கு வீதியில் போகும்போது, தூக்குகிறவன் ஒருவன் கால் தடுக்கி, ராஜாவின் தலைப்பாகை சேற்றில் விழுந்தது. ஊரே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது. வையாபுரி ஓடிப்போய் அதை எடுத்துத் தன் துண்டால் துடைத்து நீட்டினான்.

“தலைப்பாகைதானே விழுந்துச்சு ராசா! தலை பத்திரமா இருக்குதுங்களே!”

ராஜா குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். யார் வீட்டுப் பிள்ளை என்று விசாரித்துவிட்டுப் பிரதானி பக்கம் திரும்பினார். “ஓய், உம்முடைய பிள்ளைகளுக்கு ஆளுக்கொரு வாத்தியார். ஒன்றாவது வாயைத் திறக்கிறதா? இவனை ஒற்றைப் பொம்பளை வளர்த்திருக்கிறாள், பாரும்!”

பிரதானிக்கு வயிறு பற்றி எரிந்தது. மறுநாளே ராஜாவின் காதில் ஓதினார். “மகாராஜா, தகப்பன் இல்லாத பையன் தறுதலையாகத்தான் போவான். என் வீட்டில் கூப்பிட்ட குரலுக்கு வேலைக்காரர்கள் இருக்கிறார்கள். அவனை என்னிடம் கொடுங்கள், மனுஷனாக்கிக் காட்டுகிறேன்.” ராஜா தலையாட்டிவிட்டார்.

அன்றைக்கே சேவகர்கள் பவளாயி வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். “நாளைக்குப் பையனைக் கூட்டிக்கிட்டு அரண்மனைக்கு வா. இனிமே இவன் பிரதானி வீட்டுப் பிள்ளை.”

பவளாயி மகனை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவனை விட்டால் அவளுக்கு இந்த உலகத்தில் யார் இருக்கிறார்கள்? ஆனால் ராஜா உத்தரவை அழுது மாற்ற முடியுமா? முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு யோசித்தாள். விடிந்ததும் அடுப்பைப் பற்றவைக்காமலே பையனைக் கூட்டிக்கொண்டு கிளம்பினாள்.

சபையில் போய்க் கும்பிட்டு நின்றாள். “ராசா, உங்க வாக்குக்கு மறுவாக்கு இல்லைங்க. ஆனா பிள்ளை வளக்கணும்னா மொதல்ல சோறு ஊட்டத் தெரியணும். பிரதானி ஐயா இவனை ஒரே ஒரு வேளை சாப்பிட வெச்சுக் காட்டட்டும். சாப்பிட்டா அவர் பிள்ளை. சாப்பிடலைன்னா என்கூட வரட்டும்.”

“பூ, இவ்வளவுதானா!” என்றார் பிரதானி. பையனின் வயிறு கத்துவது அவருக்கே கேட்டது. பந்தயம் என்றால் ராஜாவுக்குக் கொண்டாட்டம். “போடுங்கள் இலையை!” என்றார்.

நெய்ச்சோறு, பருப்பு, அப்பளம், அதிரசம், பாயசம் எல்லாம் வந்து இறங்கின. வையாபுரி எச்சில் விழுங்கினான். இலையில் மட்டும் கை வைக்கவில்லை.

“சாப்பிடு, என் கண்ணல்லவா!”

“வேண்டாங்க.”

பிரதானி கொஞ்சினார், அதட்டினார், பிறகு வேறு வழியில்லாமல் நான்கு காலில் குதிரையாகி, சபையைச் சுற்றிக் கனைத்துக்கொண்டே ஓடினார். பையன் வாய்விட்டுச் சிரித்தான். திறந்த வாயில் ஒரு உருண்டையைத் திணித்துவிடலாம் என்று பிரதானி பாய்ந்தார். வாய் மூடிக்கொண்டது, சோறு அவருடைய மீசையிலேயே அப்பிக்கொண்டது. ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவந்தார்.

“ஏண்டா, பசிக்கவில்லையா?”

“பசி உசிரு போகுதுங்க. அம்மா சாப்பிட்டாங்களான்னு தெரியலையே!”

சங்கதி இதுதான். பஞ்சத்தில் பவளாயி இருக்கிற கஞ்சியை மகனுக்கு ஊற்றிவிட்டு, “நான் அப்பவே சாப்பிட்டேன் கண்ணு” என்பாள். ஒரு நாள் உரலடியில் மயங்கி விழுந்தாள். பையனுக்கு விளங்கிவிட்டது. அதிலிருந்து அவள் கையை மோந்து பார்த்துக் கஞ்சி வாசனை வந்தால்தான் அவன் வாயைத் திறப்பான். அவள் மட்டும் லேசுப்பட்டவளா? விரலைக் கஞ்சியில் நனைத்துவிட்டு நீட்டுவாள்.

“சாப்பிட்டேன் என்று சொல்லேன் அம்மா, சொல்லித் தொலையேன்!” என்று பிரதானி பறந்தார்.

வையாபுரி வந்து அவள் கையை எடுத்து மோந்தான். “அம்மா, சாப்பிட்டியா?”

“சாப்...” பழகிய நாக்கு பாதிவரை போய்விட்டது. பவளாயி பல்லைக் கடித்துக்கொண்டாள். இத்தனை வருஷம் பிள்ளையைக் காப்பாற்றிய பொய் அது. இன்றைக்கு அதைச் சொன்னால் பிள்ளை போய்விடுவான்.

“இல்ல கண்ணு. அம்மா சாப்பிடலை. நேத்தும் சாப்பிடலை.” முதல்முறையாக உண்மையைச் சொன்னதும் அவளுக்கு அழுகை பீறிட்டது. பையன் அவளைக் கட்டிக்கொண்டான். சபையில் பல பேர் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பிரதானி விடுவாரா? “அவளுக்கும் ஒரு இலை போடுங்கள்! அவள் சாப்பிட்டால் இவன் சாப்பிடுவான்!”

பவளாயி மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்தாள். “இன்னைக்குப் போடுவீங்க ஐயா. நாளைக்கும் கேப்பானே! இவன் சாப்பிட வேளாவேளைக்கு நான் பக்கத்துல வேணும்னா, இவன் என் வீட்டுலயே வளந்துட்டுப் போறான். நீங்க எதுக்கு நடுவுல?”

ராஜா தொடையில் தட்டினார். ஆனால் இந்தத் தடவை சிரிக்கவில்லை. “பிரதானி, என்னைப் பெற்றவள் சாப்பிட்டாளா என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை. நீர் கேட்டிருக்கிறீரா? இவனையா நீர் மனுஷனாக்கப் போகிறீர்? அவள் எப்போதோ ஆக்கிவிட்டாள். பையன் தாயோடுதான் இருப்பான். அவர்கள் வீட்டில் அடுப்பு அணையாதபடி அரண்மனைக் களஞ்சியம் பார்த்துக்கொள்ளும். நீர் அந்தக் கரண்டியை எடும். அம்மாவுக்கும் பிள்ளைக்கும் உம் கையாலேயே பரிமாறும்.”

பிரதானி குனிந்து ஒரு கரண்டி நெய்ச்சோறு வைத்தார். “போதுங்க, போதுங்க” என்று பவளாயி இலையைக் கையால் மறைத்தாள்.

வையாபுரி அந்தக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டான். “அவங்க எப்பவும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீங்க போடுங்க.”