கோரைக்கரைக்கு யார் காவல்?

காட்டு ஏரியின் கிழக்குக் கரையில் கோரை அடர்ந்து வளர்ந்திருந்தது. அந்தக் கோரைக்குள் ஒரு விரால் மீன் குஞ்சு பொரித்திருந்தது. சிவப்புச் சிவப்பாக ஒரு பெரிய கூட்டம். தாயை விட்டு அவை விலகுவதே இல்லை.

காட்டுப்பன்றிகளுக்கோ கோரைக் கிழங்கு என்றால் உயிர். அவை கரையைக் கிளறினால் கோரை அழியும். கோரை அழிந்தால் குஞ்சுகளுக்கு ஒளிய இடமில்லை. கொக்குகள் சும்மா விடுமா?

அதனால் ஏரியை நம்பி வாழும் உயிர்களின் சபை கூடியது. மழை வரும்வரை யாரும் கோரையைத் தோண்டக் கூடாது என்று சட்டம் போடும்படி விரால் கேட்டது. சம்மதம் என்று நீரில் இருந்தவை வாலால் அடித்தன, கரையில் இருந்தவை காலால் தட்டின. பன்றிகளே தட்டின என்றால் பாருங்களேன்!

"அப்போ காவலுக்கு நாலு பேர் வேணுமே" என்றது விரால்.

எருமைதான் வாயைத் திறந்தது.

"சட்டம் இருக்கட்டும் தங்கச்சி, காவல் மட்டும் வேண்டாம். போன கோடையில நரிங்களைக் காவலுக்கு வெச்சோம். தண்ணி குடிக்க வந்த என்னையே, யாரைக் கேட்டு வந்தேன்னு மறிச்சாங்க."

எருமை சொன்னது பொய்யில்லை. நரிகளிடம் எல்லோரும் பட்டிருந்தார்கள். கடைசியில் ஆள்காட்டிக் குருவியை நியமித்தார்கள். அது எப்படியும் நாளெல்லாம் கத்தத்தான் போகிறது. இதைவிடச் சிக்கனமான அரசாங்கம் எங்கே கிடைக்கும்?

ஆனால் குருவியின் கூடு இருந்தது மேற்குக் கரையில். அங்கே சருகு விழுந்தாலும் அது கத்தும், ஓணான் ஓடினாலும் கத்தும். சீக்கிரமே யாரும் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பன்றிகள் வந்த அன்று குருவி தொண்டை கிழியக் கத்தியும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. பாதிக் கோரை போயிற்று. பாதிக் குஞ்சுகளும் போயின.

விரால் மிச்சக் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு எருமையிடமே போயிற்று.

"அண்ணே, நான் கேட்டது அதிகாரம் பண்ண ஆள் இல்லை. கோரையைப் பார்த்துக்க ஆள். மழை வந்ததும் அவங்க வேலை முடிஞ்சுது. அதுவரைக்கும் யாராவது நிக்கணும் இல்லையா?"

எருமைக்கு வெட்கமாகிவிட்டது. சபையைத் திரும்பக் கூட்டியது.

"நரி கெட்டதுன்னா நரியை மாத்தியிருக்கணும். காவலையே வேண்டாம்னது என் தப்பு" என்றது.

கோரைக்கரையை மறிக்க எத்தனை எருமைகள் வேண்டுமோ அத்தனை எருமைகள் அங்கே படுப்பது என்று முடிவாயிற்று. இன்று படுத்தது நாளை படுக்கக் கூடாது. தண்ணீர் குடிக்க வருபவரை மிரட்டினால் அன்றோடு பதவி போய்விடும். இதற்கு, நரியிடம் அதிகம் உதைபட்ட முயலும் சந்தோஷமாகக் காலைத் தட்டியது.

பன்றிகள் மறுபடி வந்தன. வரிசையாகக் கொம்புகளைக் கண்டதும், தண்ணீர் குடிக்கத்தான் வந்தோம் என்று அசடு வழிந்தன. எருமைகள் வழிவிட்டன. பன்றிகள் குடித்துவிட்டுப் பேசாமல் திரும்பிப் போயின.

மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. வளர்ந்த விரால் குஞ்சுகள் பயமில்லாமல் ஏரியெங்கும் பரவின. எருமைகள் சொன்னபடியே காவலை விட்டு எழுந்து மேயப் போயின.

நல்ல சட்டம் வேண்டும் என்பவர்கள் அதைக் காக்கப் போதுமான ஆளையும் கொடுக்க வேண்டும், அந்த ஆள் தங்கள் தலையில் ஏறாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.