அரை உருண்டை

மலாயாவில், கெடா பக்கம், ரப்பர் தோட்டம் முடிந்து ஆறு தொடங்கும் இடத்தில் ஒரு மடம் இருந்தது. மடம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். அத்தாப்பு ஓலைக் கூரை, மூங்கில் சுவர், ஒரு அடுப்பு, ஒரு சாமியார், நாலைந்து சீடர்கள். அவ்வளவுதான்.

அந்த மடத்துக்கு ஒரே ஒரு விதி. பொழுது சாய்வதற்குள் அன்றைக்குச் சமைத்த பானை, சட்டி எல்லாவற்றையும் கழுவி, வரிசையாகக் கவிழ்த்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் நாய்க்கு, காக்கைக்கு, ஆற்று மீனுக்கு. நாளைக்கென்று ஒரு பருக்கை கூடத் தங்கக்கூடாது. நாளைக்கு வேண்டியது நாளைக்கு வரும் என்பார் சாமி. அதுவும் வந்துகொண்டுதான் இருந்தது. விடிந்தால் தோட்டத்துக் கூலிகள் குடியிருக்கும் லயத்திலிருந்து யாராவது அரிசியோடு வந்து நிற்பார்கள்.

சாமிக்கு நாற்பது வயதுகூட இருக்காது. தாடியைப் பார்த்து ஏமாந்தவர்கள் நிறையப் பேர். சீடர்களில் மூத்தவர் அங்கமுத்து. அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருந்தது. சயாமுக்குப் போய்த் திரும்பியவர்.

சயாமுக்குப் போனவர் என்றால் லயத்தில் யாரும் விளக்கம் கேட்கமாட்டார்கள். சண்டைக் காலத்தில் சயாம் காட்டைக் கிழித்து பர்மாவுக்கு ரயில் பாதை போட, ஜப்பான்காரன் தோட்டத்து ஜனங்களைப் பெட்டி பெட்டியாக ஏற்றிக்கொண்டு போனான். காட்டு முகாம்களில் அடைத்துப் போட்டான். போனவர்கள் கூட்டமாகப் போனார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அங்கமுத்து திரும்பி வந்த பிறகு லயத்தில் எந்த வாசலைத் தாண்டினாலும் ஒரு பெண் எழுந்து வருவாள். "எங்க ஆளைப் பார்த்தீங்களா அண்ணே?" என்பாள். பதில் சொல்லிச் சொல்லி மனுஷனுக்கு உயிரே அலுத்துவிட்டது. அப்புறம்தான் மடத்துக்கு வந்தார். இங்கே யாரும் எதையும் கேட்பதில்லை. இதை விட்டால் அவருக்குப் போக்கிடம் கிடையாது.

அப்படிப்பட்ட இடத்தில்தான் அவர் விதியை மீறிக்கொண்டிருந்தார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கெட்டிக்காரர்கள் உலகத்தில் உண்டு. சோற்றை மறைப்பது அதைவிடக் கஷ்டம். எறும்பு காட்டிக்கொடுத்துவிடும். ஒருநாள் அடுப்பங்கரையைப் பார்த்துக்கொள்ளும் சபாபதி ஒரு எறும்புச் சாரியின் பின்னாலேயே போனான். அது அங்கமுத்து படுக்கும் மூலையில், சுவர் மூங்கிலின் ஓட்டைக்குள் போய் முடிந்தது. கையை விட்டான். உள்ளே பாதி உருண்டைச் சோறு.

சபாபதி நல்லவன்தான். ஆனால் விதியைச் சாமியைவிட அவன்தான் அதிகமாக நம்பினான். இருந்தாலும் முதலில் அவனுக்குப் பரிதாபம்தான் வந்தது. மனுஷனுக்கு ராத்திரியில் பசிக்கிறது போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தான். மறுநாள் அங்கமுத்துவின் இலையில் இரண்டு மடங்கு சோறு போட்டான்.

அன்றைக்கு மூங்கிலுக்குள் முழு உருண்டை இருந்தது.

சபாபதிக்குக் கோபம் வந்துவிட்டது. கொடுக்கக் கொடுக்கப் பதுக்குகிறாரே என்று ஒரே ஒரு அகப்பை போட்டான். அங்கமுத்து அதிலும் பாதியைத்தான் தின்றார். மீதியை இலை ஓரத்தில் ஒதுக்கி, யாரும் பார்க்காதபோது மடியில் வைத்துக்கொண்டார். காய்ச்சலில் கிடந்தபோது கொட்டாங்கச்சியில் கஞ்சி கொடுத்தார்கள். அதிலும் பாதி மிச்சம் இருந்தது.

அங்கமுத்து ஆசைப்பட்டு வைக்கவில்லை. விட்டுவிட வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைத்துக்கொண்டுதான் இலை முன்னால் உட்கார்ந்தார். ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு முழுவதையும் தின்றும் பார்த்தார். ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்வதற்குள் அத்தனையும் வெளியே வந்துவிட்டது. பாதிக்கு வந்தால் கை நின்றுவிடும். அவர் சொல்லி அது கேட்பதாக இல்லை. இதை யாரிடம் போய்ச் சொல்வது?

கடைசியில் ஒருநாள் காலை சபாபதி அந்தச் சோற்றை இலையில் வைத்து எல்லாருக்கும் முன்னால் சாமியிடம் கொண்டுவந்தான்.

"சாமி, அண்ணன் மூலையில இருந்து எடுத்தேன். இன்னைக்கு நேத்து இல்லை. வந்த நாள்ல இருந்து நடக்குது."

சாமி சோற்றைப் பார்த்தார். அங்கமுத்து தரையைப் பார்த்தார்.

"என்ன செய்யலாம்ங்கிறே?"

"ஒண்ணு விதி இருக்கணும் சாமி. இல்லை, அண்ணன் இருக்கணும்."

"சரி. பானை கவிழ்க்கிற நேரத்துல சொல்றேன்" என்றார் சாமி.

சொல்லுகிற வரைக்கும் காத்திருக்க அங்கமுத்துவுக்கு மனமில்லை. வேட்டியும் துண்டும் சேர்த்து ஒரு மூட்டை கட்டினார். கட்டி என்ன செய்ய? எந்தப் பக்கம் போனாலும் ஏதாவது ஒரு தோட்டம், ஏதாவது ஒரு லயம், வாசலில் ஒரு பெண். மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மத்தியானம் சாமி அகப்பையைத் தானே வாங்கிப் பரிமாறினார். எல்லாருக்கும் போட்டுவிட்டுத் தன் இலையை அங்கமுத்துவுக்கு எதிரில் போட்டுக்கொண்டார்.

"சாப்பிடுங்க பெரியவரே."

அங்கமுத்து பிசைந்தார். பாதிக்கு வந்ததும் கை நின்றது.

"யாருக்கு?" என்றார் சாமி.

இத்தனை நாளில் யாரும் அதைக் கேட்கவில்லை. திருட்டா, பசியா என்றுதான் பார்த்தார்களே ஒழிய, யாருக்கு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"தம்பிக்கு சாமி. குழந்தைவேலு. நான் தூக்கி வளர்த்தவன்."

"சயாமுக்கு அவரும் வந்தாரா?"

"நான்தான் கூட்டிட்டுப் போனேன். தோட்டத்துல அரிசி இல்லை. மரவள்ளிக்கிழங்கைத் தின்னு தின்னு நாக்கு செத்துப்போச்சு. சயாம்ல அரிசி தர்றாங்க, சம்பளம் தர்றாங்கன்னு சொன்னாங்க. வாடா போவோம்னேன். சாமான் ஏத்துற பெட்டியில நிக்க வச்சு அனுப்பினாங்க. அப்புறம் காட்டுக்குள்ள நடத்திக் கூட்டிட்டுப் போனாங்க."

"அங்கே என்ன இருந்துச்சு?"

"மூங்கில் கொட்டகை. கூரை பாதிக்குத்தான் இருக்கும். மழை நிக்கவே நிக்காது. வேலைக்கு எழுந்தவனுக்கு ஒரு உருண்டைச் சோறு. படுத்தவனுக்குக் கிடையாது. படுத்தவனுக்குப் போட்டா வீண்னு அவங்க கணக்கு. அடிச்சும் கொன்னாங்க. ஆனா முக்கால்வாசிப் பேரை இப்படித்தான் சாமி கொன்னாங்க. சோறு போடாம விட்டாலே போதும்."

யாரோ ஒரு சீடன் மெல்லுவதை நிறுத்திவிட்டான். அடுப்பங்கரை வாசலில் சபாபதி நின்றுகொண்டிருந்தான்.

"பேதி வந்துச்சு. வந்தவனை ஓடைக்கு அந்தாண்டை ஒரு கொட்டகையில கொண்டுபோய்ப் போட்டுடுவாங்க. தம்பியையும் போட்டாங்க. நான் என் உருண்டையில பாதியை மூங்கில் குழாய்க்குள்ள ஒளிச்சு வச்சு, வேலை முடிஞ்சதும் ஓடையைத் தாண்டிப் போய்க் கொடுப்பேன். முதல்ல வாயில வச்சா வெளியே வந்துடும். அப்புறம் இறங்க ஆரம்பிச்சுது. எழுந்து உட்கார்ந்தான் சாமி. 'நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வாண்ணே'ன்னு கேட்டான்."

"போனீங்களா?"

"சீக்கிரமாத்தான் போனேன். கொட்டகை இல்லை. சாம்பலும் புகையுமா கிடந்துச்சு. தொத்து நோய்னு கொளுத்திட்டாங்க. எல்லாரும் செத்த பிறகுதான் கொளுத்தினோம்னு சொன்னாங்க. முந்தின நாள் எழுந்து உட்கார்ந்தவன் சாமி."

சாமி கேட்டார்.

"அந்தப் பாதி உருண்டை?"

"குழாயில இருந்துச்சு."

"என்ன செஞ்சீங்க?"

இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. லயத்துப் பெண்களிடம் எத்தனையோ சாவுகளைச் சொன்னவர், இதை மட்டும் சொன்னதில்லை.

"தின்னுட்டேன். அங்கேயே, புகைக்குப் பக்கத்துலயே நின்னுகிட்டுத் தின்னேன். பசிச்சுது சாமி. அழுதுகிட்டேதான் தின்னேன், ஆனா தின்னுட்டேன். அது அவன் பங்கு."

சாமி ஆறுதல் சொல்லவில்லை. பாவம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "அந்தச் சோத்துல உப்பு போடுவாங்களா?" என்று கேட்டார்.

"உப்பா? உப்பை யார் கண்டா சாமி. கடைசி வரைக்கும் அதைத்தான் கேட்டுகிட்டு இருந்தான். ஒரு கல் உப்பு கிடைச்சா நல்லா இருக்கும்ணே, ஒரு கல் போதும்ணேம்பான்."

சாமி தன் இலை ஓரத்தில் இருந்த உப்பில் ஒரு சிட்டிகை எடுத்தார். அங்கமுத்து ஒதுக்கி வைத்திருந்த பாதிச் சோற்றின் மேல் தூவினார்.

வாசலில் நின்ற சபாபதிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "செத்தவங்களுக்கு வைக்கிற சோத்துல உப்பு போடமாட்டாங்களே சாமி."

"குழந்தைவேலு கேட்டிருக்காரே" என்றார் சாமி.

அங்கமுத்து அந்தச் சோற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண்ணில் இருந்து நீர் இறங்கித் தாடியில் நின்றது. துடைக்கவில்லை.

"சாமி, இந்தக் கை எப்ப நிக்கும்? எப்ப நான் ஒரு சோத்தை முழுசாத் தின்பேன்?"

சாமி அந்தச் சோற்றை உருட்டினார். அவசரமில்லாமல், குழந்தைக்கு உருட்டுவதுபோல உருட்டி, அங்கமுத்துவின் கையில் வைத்தார். வேறொன்றும் சொல்லாமல் தன் இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

பொழுது சாய்ந்தது. அங்கமுத்து அந்த உருண்டையைக் கையில் ஏந்தியபடியே சாமியின் அருகில் உட்கார்ந்திருந்தார். பானைகளைக் கழுவி முடித்த சபாபதி சாமியின் முன்னால் வந்து நின்றான். காலையில் இருந்த கோபம் அவனிடம் இல்லை. அதற்காக விதியை விட்டுவிடவும் அவனால் முடியவில்லை. மத்தியானத்திலிருந்து யோசித்து அவன் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருந்தான்.

"சாமி, அண்ணன் எங்கேயும் போக வேணாம். வருஷத்துக்கு ஒருநாள் தம்பிக்குத் திதி கொடுத்துடுவோம். நானே எல்லாம் செய்றேன். அதோட தினமும் வைக்கிறதை விட்டுடட்டும்."

"என்ன திதி?" என்று சாமி அங்கமுத்துவைக் கேட்டார்.

"தெரியாது சாமி. அங்கே நாள், கிழமை யாருக்குத் தெரியும்? மழை பெய்ஞ்ச நாள். எல்லா நாளும் மழைதான்."

சாமி சபாபதியைப் பார்த்தார். சபாபதி தலையைச் சொறிந்தான். மனதில் இருந்ததைக் கேட்டே விட்டான்.

"அப்போ விதி என்ன ஆகுது சாமி? நாளைக்குன்னு ஒரு பருக்கை கூட வைக்கக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். இப்பவும் அதான் விதி."

"அண்ணன் கையில இருக்கிறது?"

"அது நாளைக்கு இல்லை சபாபதி," என்றார் சாமி. "நேத்தைக்கு."

சபாபதி அடுப்பங்கரைக்குப் போனான். பானை, குண்டான், அகப்பை, சட்டி என்று ஒவ்வொன்றாகக் கவிழ்த்தான். கடைசியில் இருந்த சின்ன மண்சட்டியைக் கையில் எடுத்தவன், அதை மட்டும் கவிழ்க்காமல் கொண்டுவந்து அங்கமுத்துவின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தான்.