வாய் பொத்திய சீடர்

மாசிலாமணியைப் போல் பணிவான சீடர் அந்த மடத்தில் வேறு யாருமில்லை. குருவின் முன்னால் வாய் பொத்தி நிற்பது எல்லோருக்கும் வழக்கம்தான். இவரோ சமையல்காரரிடம் ரசம் கேட்பதென்றாலும் வாய் பொத்தித்தான் கேட்பார். 'அடடா, என்ன அடக்கம், என்ன அடக்கம்' என்று உருகிவிட்டு, பக்கத்தில் இருப்பவர்கள் இலையைச் சத்தமில்லாமல் தள்ளிப் போட்டுக்கொள்வார்கள். பந்தியின் கடைசி ஓரம் அவருக்கே பட்டா போட்டதுபோல் ஆகிவிட்டது.

சர்க்கரை வியாதிக்காரரான அவருக்குக் காலில் ஒரு புண். ஆறவேயில்லை. மாத்திரை, பாகற்காய், பட்டினி, எதற்கும் சர்க்கரை இறங்கவில்லை. இப்படியே போனால் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

குருவிடம் போனார். குரு தில்லைவனம் அவரைவிட இளையவர். அன்று காலை குழாயடியில் மாசிலாமணி கொப்பளித்துத் துப்பிய சிவப்புத் தண்ணீரை அவர் பார்த்திருந்தார்.

மாசிலாமணி எட்ட நின்று, விரல் இடுக்கில் முணுமுணுத்தார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன் சாமி. இன்னும் எதை விடணும்?"

"வாயிலேருந்து கையை எடுங்க."

குரு கிட்டே வந்தார். இவர் பின்வாங்கினார். முதுகு சுவரில் முட்டியது.

"வேண்டாம் சாமி. கிட்ட வராதீங்க."

குருவே அந்தக் கையைப் பிடித்து இறக்கினார். ஈறெல்லாம் வீங்கி, பல்லை விட்டு விலகி, சீழ் வைத்திருந்தது. மாசிலாமணி கண்ணை மூடி மூச்சைப் பிடித்துக்கொண்டார். குரு முகத்தைத் திருப்பவில்லை.

எத்தனை நாளாக என்று கேட்டார். மனைவி போனதிலிருந்து என்றார் மாசிலாமணி. முதலில் சொல்ல ஆளில்லை, அப்புறம் சொல்ல வெட்கம். ஆஸ்பத்திரியில் காலைத்தான் கேட்டார்கள், காலைத்தான் காட்டினாராம்.

ஈறில் குடியேறிய கிருமி அங்கேயே அடைந்து கிடக்காது, ரத்தத்திலும் இறங்கும் என்றார் குரு. அந்தக் கிருமியோடு உடம்பு ஓயாமல் மல்லுக்கட்டும்வரை சர்க்கரை அடங்குவது கஷ்டம், புண் ஆறுவதும் கஷ்டம், இதயத்துக்கும் அது நல்லதில்லை. இப்போதே பல் டாக்டரிடம் போக வேண்டும்.

மாசிலாமணி அசையவில்லை.

"அங்க வாயைத் திறந்தா எல்லாருக்கும் தெரிஞ்சுடும் சாமி. எனக்குன்னு மிச்சமிருக்கறது பணிவானவன்கிற பேரு ஒண்ணுதான்."

குரு செருப்பை மாட்டிக்கொண்டார்.

"பேரு இங்கேயே இருக்கட்டும். கால் இருக்கும்போதே நாம நடந்து போயிட்டு வந்துடுவோம்."