கடன் வாங்கிய விளையாட்டு பீரியட்

மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. ஐந்தாம் வகுப்பு வரைதான். அதை நடத்தியவரை எல்லோரும் அம்மா என்பார்கள். அவருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. அவரிடம் சீடராக வந்து சேர்ந்த சிவஞானத்துக்கோ ஐம்பதைத் தாண்டிவிட்டது. பேங்க் வேலையை உதறிவிட்டு மன அமைதி தேடி வந்த மனுஷர். அவரும் அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

அமைதி தேடி வந்தவரிடம் இரண்டாம் வகுப்பை ஒப்படைத்தால் என்ன ஆகும்? வகுப்பையே தியான மண்டபம் ஆக்கிவிட்டார். கையைக் கட்டு, வாயில் விரல் வை, ஆடாதே, அசையாதே. போதாததற்கு விளையாட்டு பீரியடையும் கணக்குக்கென்று கடன் வாங்கிக்கொள்வார். எந்த ஊர் வாத்தியார் அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறார், இவர் கொடுக்க?

பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள். ஆனால் வேம்பு என்ற ஏழு வயதுப் பெண்ணுக்கு மட்டும் படிப்பு ஏறவே இல்லை. சிலேட்டில் அவள் எழுதியது கோழி கிளறியது மாதிரி இருக்கும். பாதி எழுத்து கண்ணுக்கே தெரியாது. மத்தியானமானால் பலகையில் தலையைச் சாய்த்துவிடுவாள். சிவஞானம் திரும்பத் திரும்ப எழுத வைத்தார். எழுத எழுத மோசமாகத்தான் ஆனது.

அவள் தாய் செல்லக்கிளி செங்கல் சூளையில் வேலை செய்பவள். ஐப்பசியில் ஒரு நாள் வகுப்பு வாசலில் வந்து நின்றாள்.

"தை பொறக்கறதுக்குள்ள இவ நாலு எழுத்து எழுதப் படிக்கலைன்னா நிறுத்திடறேன் சார். வீட்ல கைப்பிள்ளை இருக்கு. அதைப் பாத்துக்கவாவது ஆவா."

கோபமாகச் சொல்லவில்லை, பாவம். களைத்துப்போய்ச் சொன்னாள். சிவஞானம் அன்று சோற்றுக்குக்கூட உட்காரவில்லை. நேரே அம்மாவிடம் போனார்.

"அந்தப் பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக்கொடுத்தா ஏறும்மா?"

"கூட்டிட்டு வாங்க."

பள்ளிக்குப் பின்னால் ஓர் ஆலமரம். அம்மா ஒரு விழுதைக் காட்டினார்.

"வேம்பு, இதைப் பிடிச்சுத் தொங்கு பாப்போம்."

வேம்பு எம்பிப் பிடித்தாள். கால் தரையை விட்டதும் விரல் வழுக்கி, மணலில் தொப்பென்று விழுந்தாள். மறுபடி எம்பினாள். மறுபடியும் விழுந்தாள்.

"பாத்தீங்களா வாத்தியாரே?"

"பாத்தேன். கையில வலுவே இல்லை."

"அந்தக் கையிலதான் பலப்பத்தைக் கொடுத்திருக்கீங்க."

சிவஞானம் வேம்புவைத் தூக்கி நிறுத்தி மணலைத் தட்டிவிட்டார்.

"இப்ப என்ன செய்யட்டும்?"

"வாங்கின கடனைத் திருப்பிக் கொடுங்க."

"எந்தக் கடன்?"

"விளையாட்டு பீரியட்."

"தை வரப்போகுதும்மா. இருக்கற நேரமே பத்தலை."

"அதனாலதான் சொல்றேன்."

குரு சொல்லை மீற முடியுமா? தினமும் காலையில் முதல் வேலையாகப் பிள்ளைகளை வெளியே விட்டார். அவர்கள் ஓடினார்கள், ஏறினார்கள், விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள். இவர் "மெல்ல, மெல்ல" என்று பின்னாலேயே அலைந்தார். வேம்பு முதலில் நாலடி ஓடி உட்கார்ந்துவிடுவாள். போகப் போக உட்காருவது குறைந்தது.

ஒரு நாள் அவள் குளத்தங்கரை வரை ஓடித் திரும்பி, மேல்மூச்சு வாங்க அவர் முன்னால் வந்து நின்றாள். சிவஞானம் பதறிப்போய் மணிக்கட்டைப் பிடித்தார். நாடி தடதடவென்று அடித்தது.

"அம்மா, இங்க பாருங்களேன். பிள்ளைக்கு ஏதாவது ஆயிடுமோ?"

"ஒண்ணும் ஆகாது. கையை எடுக்காம அப்படியே பிடிச்சிருங்க."

பிடித்திருந்தார். அவர் விரலுக்கடியிலேயே அந்தத் துடிப்பு கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி நிதானத்துக்கு வந்தது. வேம்புவோ பொறுக்க மாட்டாமல் கையை உருவிக்கொண்டு மறுபடி ஓடிவிட்டாள்.

"என்ன தெரிஞ்சுது?" என்றார் அம்மா.

"அதுவா ஏறுது, அதுவா இறங்குது."

"உள்ள கட்டட வேலை நடக்குது வாத்தியாரே. ஓட ஓட எலும்பு கெட்டிப்படுது, நெஞ்சு உரமாகுது. விழாம நிக்க மூளை கத்துக்குது."

"இத்தனை பிள்ளைங்களுக்குள்ளயுமா?"

"இத்தனை பேருக்குள்ளயும்."

"யாரும் சொல்லிக்கொடுக்காமலா?"

"யாரும் சொல்லிக்கொடுக்காம. நாமதான் மணி அடிச்சு நிறுத்திடறோம்."

சிவஞானம் நிமிர்ந்து பார்த்தார். தினமும் பார்க்கிற அதே பிள்ளைகள்தான். மூக்கு ஒழுகுகிறவன், பல் விழுந்தவள், ஒற்றைச் செருப்போடு ஓடுகிறவன். ஆனால் இன்று மனுஷருக்கு மெய் சிலிர்த்துவிட்டது. கண்ணை மூடிக்கொண்டு எத்தனை வருஷம் எதையெதையோ தேடியிருப்பார்! இப்போது கண்ணைச் சிமிட்டக்கூட மனசு வரவில்லை. மணியடிக்கும் நேரம் வந்து போனது. அடிக்க வேண்டியவர் அவர்தான். அடிக்கவில்லை.

ஓடிவிட்டு வந்து உட்காரும் பிள்ளைகளிடம் வாயில் விரல் வை என்று சொல்லவேண்டிய தேவையும் இல்லாமல் போனது. அவர் பழைய பாடத்தையே நடத்தினார்.

போகிக்கு முதல் நாள் செல்லக்கிளி வந்தாள், இடுப்பில் கைப்பிள்ளையோடு. வந்த நேரம், வேம்பு விழுதில் இரண்டு கையாலும் தொங்கிக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று.

"படிக்க அனுப்புனா குரங்காட்டம் தொங்கறா. ரொம்ப நல்லா இருக்கு சார்."

சிவஞானம் வேம்புவைக் கீழே இறங்கச் சொன்னார். சிலேட்டை எடுத்து வேம்புவிடம் நீட்டினார்.

வேம்பு மண்ணில் சம்மணம் போட்டு உட்கார்ந்து எழுத ஆரம்பித்தாள். அழுத்திய அழுத்தில் பலப்பம் ஒடிந்தது. ஒடிந்த துண்டாலேயே எழுதி முடித்தாள். ஒரு புள்ளியை மறந்துபோய்க் கடைசியில் திரும்பிவந்து வைத்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்று கேட்டாள் செல்லக்கிளி. அவளுக்குப் படிக்கத் தெரியாது.

வேம்பு விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். "செல்... லக்... கிளி. உம்பேருதாம்மா."

செல்லக்கிளி அந்தச் சிலேட்டை ஓரத்தில் மட்டும் பிடித்து வாங்கினாள். வெகுநேரம் பார்த்தாள்.

"கை பட்டா அழிஞ்சிடும் இல்ல சார்?"

"அழிஞ்சா மறுபடி எழுதுவா" என்றார் சிவஞானம்.

"பொங்கல் முடிஞ்சதும் அனுப்பறேன்."

தாயும் மகளும் கிளம்பினார்கள். சிவஞானம் வழியைப் பார்த்தபடியே நின்றார்.

"அம்மா, ஆனி மாசத்துலேர்ந்து இதே பாடத்தைத்தான் நடத்தறேன். அன்னிக்கு ஏறலை. இன்னிக்கு எப்படி ஏறுச்சு?"

"பாடம் அன்னிக்கும் நல்லாத்தான் நடத்தினீங்க வாத்தியாரே" என்றார் அம்மா. "தலையை மட்டும் வரச் சொல்லியிருந்தீங்க. இப்பதான் பிள்ளை முழுசா வந்து சேர்ந்திருக்கா."