உடும்பார் கட்டிய வேப்பங்கொத்து

ஒரு காட்டில் சிங்கமும் இல்லை, புலியும் இல்லை. கடைசியாக இருந்த கிழட்டுச் சிங்கம் செத்த பிறகு, இனி ராஜாவே வேண்டாம், நமக்குள் ஒருவரைத் தலைவராக வைத்துக்கொள்வோம் என்று விலங்குகள் கூடி முடிவெடுத்தன. நல்ல முடிவுதான். ஆனால் காடெல்லாம் தேடி உடும்பைப் பிடித்துத் தலைவராக்கின. அங்கேதான் காரியம் கெட்டது.

உடும்பு ஒன்றைப் பிடித்தால் விடாது என்பது உங்களுக்கே தெரியும், குழந்தைகளே. தலைவர் உட்காருவதற்கென்று காட்டின் நடுவே ஒரு பாறை இருந்தது. அதில் ஏறிய உடும்பு இறங்கவே இல்லை. இலுப்பை பூக்கும் காலத்தில் தேர்தல் வரும், போகும். உடும்பு மட்டும் அங்கேயே இருக்கும். நாளாக ஆக வயிறும் பெருத்தது, மரியாதையும் பெருத்தது. எல்லாம் அதை ‘உடும்பார்’ என்றே அழைத்தன. நாமும் அப்படியே அழைப்போம், நமக்கெதற்கு வம்பு?

அந்த வருஷம் மழை பொய்த்தது. மலைச் சுனையிலிருந்து ஓடை வழியாக இறங்கி வரும் தண்ணீர்தான் எல்லோரும் குடிக்கும் குட்டையை நிரப்பும். ஓடையில் தண்ணீர் வருவது நின்றுபோனது. குட்டை நாளுக்கு நாள் சுருங்கியது. குடிக்க வந்த இடத்தில் மானும் பன்றியும் முட்டிக்கொண்டன.

மற்றவற்றுக்குத் தாகம் மட்டும்தான். அல்லி என்ற தவளைக்கோ அதைவிடப் பெரிய கவலை. அதன் குஞ்சுகள் தலைப்பிரட்டைகளாக அந்தக் குட்டையில்தான் நீந்திக்கொண்டிருந்தன. வால் இருந்தது, கால் இன்னும் முளைக்கவில்லை. கால் முளைக்கும் முன்னால் குட்டை வற்றிவிட்டால் அவை எங்கே போகும்?

அல்லி காய்ந்த ஓடை வழியே தத்தித் தத்தி மலைமேல் ஏறிப் பார்த்தது. பாதி வழியில் ஓடைக்குக் குறுக்கே கல்லும் மண்ணும் கொட்டி அடைத்திருந்தது. அடைப்புக்கு மேலே கோரைப்புல் மண்டிய பள்ளத்தில் காட்டெருமை ஒன்று படுத்திருந்தது. கோரைக்கு மேல் அதன் கொம்பும் காதும் மட்டும்தான் தெரிந்தன. தேர்தல்தோறும் உடும்பாருக்காகக் கொம்பை ஆட்டிக்கொண்டு காட்டைச் சுற்றி வரும் எருமை அது.

“தலைவர்தான் கட்டிக் கொடுத்தார். எனக்கு உடம்பு சூடு” என்றது எருமை, கண்ணைத் திறக்காமலே.

அல்லி ஓடி வந்து கணவன் முரசனிடம் சொன்னது. முரசனுக்கு உடம்பு உள்ளங்கை அளவு, குரல் காட்டளவு. அது கத்திய கத்தலில் விலங்குகள் எல்லாம் பாறைக்கு முன்னால் திரண்டுவிட்டன. அடைப்பு கட்டியபோது மண் சுமந்த மந்திரிகளான கீரியும் முள்ளம்பன்றியும், ‘எங்களுக்கு ஒன்றுமே தெரியாது’ என்று பதவியை உதறிவிட்டுக் கூட்டத்தில் கலந்தன. கலந்ததோடு நிற்காமல் முதல் வரிசைக்கும் வந்துவிட்டன. நாளைக் காலையில் அடைப்பை உடைப்பது, உடைத்துவிட்டு வந்து தலைவரை விசாரிப்பது என்று கூட்டம் தீர்மானித்தது.

அன்று மாலை உடும்பார் தனியாக மலைமேல் ஏறினார். கோரையை விலக்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தார். போகும்போது அவர் முகத்தில் இருந்த கலக்கம் திரும்பி வரும்போது இல்லை. என்ன பார்த்தார் என்று இப்போதே கேட்காதீர்கள்.

மறுநாள் காலை காடே திரண்டு அடைப்புக்கு வந்தது. உடைப்பதற்கு யானையைக் கூட்டி வந்திருந்தன. யானை ரொம்ப நேர்மையானது. முறை என்றால் முறைதான், இம்மிகூடப் பிசகாது. அது முன்னங்காலைத் தூக்கியது. ஒரு உதை விட்டால் போதும்.

“கொஞ்சம் பொறுங்கள்” என்று மூச்சு வாங்க வந்து நின்றார் உடும்பார். “பாறையில் வேப்பங்கொத்து கட்டிவிட்டேன்.”

தூக்கிய கால் அப்படியே அந்தரத்தில் நின்றது.

வேப்பங்கொத்து கட்டினால் தேர்தல் அறிவித்தாயிற்று என்று பொருள். அது கட்டியிருக்கும்வரை யாரும் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது, மண்ணைத் தோண்டக் கூடாது, யார்மேலும் புகார் சொல்லக் கூடாது. புதுத் தலைவர் பாறையில் ஏறின பிறகுதான் எல்லாம். முன்பு ஒரு தேர்தலில் கரடி ஒன்று வளை வளையாகப் போய்த் தேனடை கொடுத்து ஆதரவு கேட்டதாம். அந்தக் கூத்தை ஒழிக்கப் போட்ட சட்டம் இது.

“இலுப்பை இன்னும் மொட்டே விடலையே. அதுக்குள்ள என்ன தேர்தல்?” என்று கேட்டது முரசன்.

“காடு கொந்தளித்துக் கிடக்கிறது. மந்திரிகளே விலகிவிட்டார்கள். இந்த நேரத்தில் நான் பாறையை ஒட்டிக்கொண்டிருந்தால் நன்றாகவா இருக்கும்? வருகிற பௌர்ணமிக்கு நீங்களே முடிவு செய்யுங்கள்” என்றார் உடும்பார். குரல்கூடத் தழுதழுத்தது.

உடும்பு தானாகப் பிடியை விடுவதை யார் கண்டது? கூட்டத்தில் எல்லாம் ஒரே நேரத்தில் பேசின. பயந்துவிட்டார் என்றது குரங்கு. தோகை உதிர்ந்த காலத்தில் தேர்தலை வைத்தால் எப்படி வெளியே தலைகாட்டுவது என்று மயில் புலம்பியது. யார் பெயரைச் சொல்லி வாழ்க போட வேண்டும் என்று கிளி விசாரித்தது. கீரியும் முள்ளம்பன்றியும், யார் ஜெயிப்பார் என்று தெரிந்தால் அவருக்கே மந்திரியாகிவிடலாமே என்று ஒதுங்கி நின்று யோசித்தன. எதற்காக மலையேறி வந்தோம் என்பது மட்டும் ஒன்றுக்கும் நினைவில்லை.

அல்லிக்கு நினைவிருந்தது. “யானையாரே, ஒரே ஒரு உதை விட்டுடுங்க. தேர்தலை அப்புறம் வெச்சுக்கலாம்” என்று கெஞ்சியது.

“கொத்து கட்டிய பிறகு கல்லைத் தொட்டால் தேர்தல் செல்லாதம்மா” என்றது யானை. தூக்கிய காலை மெதுவாகப் பின்பக்கம் வைத்தது, ஒரு கூழாங்கல்கூட நகராமல்.

கூட்டம் அல்லியை முறைத்தது. உடும்பாரே வந்து வலையில் மாட்டியிருக்கும்போது இது ஏன் குறுக்கே பேசுகிறது என்று அதற்குக் கோபம்.

மலையிறங்கும் முன்பே வேட்பாளர் யார் என்பது முடிவாகிவிட்டது. உடும்பாரை எதிர்த்து முதலில் கத்தியது முரசன். இனியும் கத்தக் கூடியது முரசன். வேறென்ன வேண்டும்? முரசன் முதலில் தயங்கியது. குரங்கு அதைத் தூக்கித் தன் தலைமேல் வைத்துக்கொண்டதும் தயக்கம் போய்விட்டது. அவ்வளவு உயரத்திலிருந்து அது காட்டைப் பார்த்ததே இல்லை.

அதன் பிறகு தினமும் கூட்டம், தினமும் பேச்சு. குட்டை வற்ற வற்ற, காய்ந்த பக்கத்தில் கூட்டம் போடத் தாராளமாக இடம் கிடைத்தது. முரசன் தலைவரானால் கரை தளும்பத் தண்ணீர் வரும், தண்ணீர் முழுக்கத் தாமரை பூக்கும் என்று முரசனே சொன்னது. ‘முரசன் வாழ்க’ என்று கிளி ஓயாமல் கத்தியது. வெடித்த மண்ணில் உட்கார்ந்து, வறண்ட நாக்கோடு, எல்லாம் கைதட்டின.

உடும்பார் ஒரே ஒரு கூட்டத்தில்தான் பேசினார். தன் குறைகள் தனக்குத் தெரியும் என்றும், நல்லவர் ஒருவர் வந்தால் முதலில் சந்தோஷப்படுவது தான்தான் என்றும் சொன்னார். கரடிக்குக் கண் கலங்கிவிட்டது.

பௌர்ணமி நெருங்கும்போது அல்லி முரசனைத் தேடி வந்தது. முரசனைச் சுற்றி ஒரே கும்பல். புகுந்து புறப்பட்டுத்தான் கிட்டே போக முடிந்தது.

“என்னங்க, தண்ணி சேறாகிப் போச்சு. பிள்ளைங்க ஒண்ணுமேல ஒண்ணு கெடந்து நெளியுதுங்க. நீங்க சொன்னா யானை கேக்கும். அடைப்பை உதைக்கச் சொல்லுங்க” என்றது.

“இப்பக் கல்லைத் தொட்டா என்னை நிக்க விடமாட்டாங்க அல்லி. ஜெயிக்கட்டும், முதல் உத்தரவே அதுதான்.”

“அடைப்புக்கு மேல எவ்வளவு தண்ணி இருக்குன்னு யாராவது போய்ப் பாத்தீங்களா?”

“எருமை படுத்துக் கெடக்குதே, தண்ணி இல்லாமலா படுத்திருக்கும்?” என்றது முரசன். அதற்குள் குரங்கு வந்து அதைத் தலைமேல் தூக்கிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குப் போய்விட்டது.

அல்லி தேக்கிலையை மடித்துக்கொண்டு மற்ற விலங்குகளிடம் போனது. பிள்ளைகளை இதில் அள்ளி எங்காவது ஈரமான இடத்தில் விட வேண்டும், கூட வாருங்கள் என்று கேட்டது. எல்லாம் நல்ல விலங்குகள்தான். அல்லியின் பிள்ளைகளுக்காகத்தானே முரசனை நிறுத்தியிருக்கிறோம், தேர்தல் முடியட்டும் என்று அன்பாகச் சொல்லி அனுப்பின. அல்லி தனியாக எத்தனையைத்தான் அள்ளும்? அள்ளிய சிலவற்றுக்கும் விட ஈரமான இடம் கிடைக்கவில்லை.

பௌர்ணமி அன்று காலையில் தேர்தல் நடந்தது. யாருக்கு ஆதரவோ அவர் பின்னால் வரிசையாக நிற்பது அந்தக் காட்டு வழக்கம். முரசன் பின்னால் நின்ற வரிசை புதரைத் தாண்டி, மூங்கிலைத் தாண்டிப் போனது. உடும்பார் பின்னால் எருமைகூட இல்லை. அது அன்று எழுந்தே வரவில்லை. உடும்பார் இப்படியும் அப்படியும் பார்த்தார். பிறகு தாமே நடந்து போய் முரசனின் வரிசைக் கடைசியில் நின்றுகொண்டார்.

“பெருந்தன்மை” என்றது கரடி.

முரசனைப் பாறையில் ஏற்றின, வேப்பங்கொத்தை அவிழ்த்தன. முரசன் சொன்ன சொல் தவறவில்லை. முதல் உத்தரவாக அடைப்பை உடைக்கச் சொன்னது. புதுத் தலைவர் முதல் நாள் பாறையை விட்டு இறங்கக் கூடாது என்பதால் அது அங்கேயே இருந்தது. காடு முழுக்க ஆரவாரத்தோடு மலையேறியது. இப்போது முறைப்படி யானை காலைத் தூக்கியது, முறைப்படி உதைத்தது.

அடைப்பு பொலபொலவென்று சரிந்தது. அதன் பின்னாலிருந்து ஒரு கூடைச் சேறு வழிந்து வந்து, கொஞ்ச தூரம் போய் நின்றுவிட்டது.

கோரைக்குள் எருமை காய்ந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது. தண்ணீர் தீர்ந்து நாளாகிவிட்டதாம், எழுந்திருக்கச் சோம்பலாக இருந்ததாம்.

இப்போது சொல்கிறேன். அன்று மாலை உடும்பார் எட்டிப் பார்த்தபோது அந்தப் பள்ளத்தில் முழங்கால் அளவுத் தண்ணீர் இருந்தது. அன்றே திறந்துவிட்டிருந்தால் தலைப்பிரட்டைகளுக்குக் கால் முளைக்கும்வரை குட்டை தாங்கியிருக்கும். மழை வரும்வரை தாங்காது. இரண்டும் உடும்பாருக்குத் தெரியும். வற்றப்போகும் குட்டையோடு பாறையில் உட்கார்ந்திருந்தால் தோலை உரித்துவிடுவார்கள் என்பதும் தெரியும். அதனால்தான் குட்டையையும் பாறையையும் சேர்த்து அடுத்தவர் தலையில் கட்டினார்.

விலங்குகள் சேறு படிந்த காலோடு பாறைக்குத் திரும்பி வந்தன. நடந்ததைக் கேட்ட முரசன், அடைப்பைக் கட்டியது உடும்பார்தானே, அவரைக் கேளுங்கள் என்று மேலிருந்து கத்தியது.

யானை கொஞ்சம் யோசித்தது. “இறங்கிப் போனவரைக் கேட்பது முறையில்லை. பாறையில் இருப்பவர்தான் பதில் சொல்ல வேண்டும்” என்றது.

அப்போது அல்லி குட்டைப் பக்கமிருந்து வந்தது. வெயில் ஏறுவதற்கு முன்பே அங்கே அசைவு நின்றுபோயிருந்தது. கூட்டம் விலகி வழிவிட்டது. முன்னால் நின்று மற்றவர்களை ஒதுக்கி வழிசெய்து கொடுத்தவர் உடும்பார்தான்.

“வாம்மா. பெத்த வயிறு எப்படித் துடிக்கும்னு எனக்குத் தெரியாதா? பயப்படாம கேளு. யார் பதில் சொல்லணுமோ அவரை நேருக்கு நேராப் பாத்துக் கேளு” என்றார் அவர்.

அல்லி தலையை நிமிர்த்திப் பாறையைப் பார்த்தது. “என் பிள்ளைங்க எங்கே?” என்று கேட்டது.

“எங்கே? எங்கே?” என்று கிளி கத்தியது. முதலில் கீரி சேர்ந்துகொண்டது, அடுத்து முள்ளம்பன்றி, பிறகு காடு முழுக்க. எல்லாவற்றையும்விட உரக்கக் கேட்டவர் உடும்பார்.

அந்தப் பிள்ளைகளுக்கு அப்பனான முரசன் பாறைமேல் உட்கார்ந்து, கீழே நின்ற மனைவியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

நீதி: தண்ணீர் கேட்கப் போன இடத்தில் ஒருவர் எழுந்து தன் இருக்கையைக் கொடுத்தால், உட்காரும் முன்னால் தண்ணீர் எங்கே என்று கேள்.