அவருக்குப் பிடித்தது

மோர் சாமியிடம் எதைக் கேட்க வந்தாலும் முதலில் ஒரு டம்ளர் மோர் குடித்தாக வேண்டும். கோபியிலிருந்து வாய்க்கால் கரையோடு வெயிலில் நடந்து வருகிறவர்களுக்குப் பாதி கேள்வி, பாதி தாகம். மோர் உள்ளே போனதும் சிலருக்கு வந்த காரியமே மறந்துபோகும். அப்படியே கும்பிட்டுவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சாமிக்கு அதில் பெரிய சந்தோஷம்.

பூங்கோதை அப்படி மறக்கிற ஆள் இல்லை. சாமியை விட வயதில் மூத்தவள். வெள்ளிக்கிழமை தவறாமல் அந்தச் சின்ன மடத்துக்கு வந்து வாசல் கூட்டி, விளக்கேற்றி, சாமியிடம் பாடம் கேட்டுப் போகிற சிஷ்யை.

போன வருஷம் அவள் புருஷன் தனசேகர் மாரடைப்பில் இறந்துபோனான். வயது நாற்பத்து மூன்று. மருந்துக் கம்பெனிக்காக மோட்டார் சைக்கிளில் ஊர் ஊராக அலைந்து டாக்டர்களைப் பார்க்கிற வேலை. பையின் ஓர் அறையில் நெஞ்சுக்கான மாத்திரைகள் இருக்கும். இன்னோர் அறையில் சிப்ஸும் கிரீம் பிஸ்கட்டும் இருக்கும். முதல் அறையை டாக்டர்களுக்குக் கொடுத்துவிட்டு இரண்டாவதை அவன் சாப்பிட்டான்.

அன்று பூங்கோதை தன் மகள் இலக்கியாவையும் கூட்டி வந்திருந்தாள். பதினோரு வயதுப் பெண். மோரை ஒரு வாய் குடித்து முகத்தைச் சுளித்தாள். டம்ளரோடு போய் வாசற்படியில் உட்கார்ந்துகொண்டாள்.

பூங்கோதை தன் மோரைக் குடித்து முடித்தாள்.

“சாமி, வர்ற வாரம் அவருக்கு வருஷத் திதிங்க. படையல்ல என்ன வைக்கறதுங்க?”

“அவருக்குப் பிடிச்சதை வைங்க. இதை எங்கிட்டக் கேக்கோணுமா?”

அவள் கையோடு கொண்டுவந்திருந்த துணிப்பையைக் கவிழ்த்தாள். சிப்ஸ் பாக்கெட், கிரீம் பிஸ்கட், சுடுதண்ணீர் ஊற்றினால் வெந்துவிடுகிற நூடுல்ஸ், ஒரு பாட்டில் கலர் சோடா.

“இதுதானுங்க அவருக்குப் பிடிச்சது. காலைல இது, மத்தியானம் இது, ஆஸ்பத்திரி வாசல்ல காத்துக் கெடக்கறப்ப இது. சோறு திங்க நேரமில்லைம்பாரு. சுகர் வந்துச்சு, பிரஷர் வந்துச்சு. அப்புறம் அவரே போயிட்டாரு.”

“அப்ப வைங்க.”

“ஆளைக் கொன்னதையே இலையில வைக்கச் சொல்றீங்களா?”

அவளுக்குக் குரல் உயர்ந்துவிட்டது. சாமி கோபித்துக்கொள்ளவில்லை.

“எனக்கு மாமா ஒருத்தர் இருந்தாரு. பிராந்தியிலதான் போனாரு. படையல்ல பிராந்தி வச்சோம். பிடிச்சதை வைக்கோணுமே.”

“வச்சு?”

“கும்பிட்டோம். கும்பிட்டு முடிச்சதும் அவர் பசங்க ரெண்டு பேரும் அப்பா பிரசாதம்னு அதை எடுத்துக் குடிச்சாங்க. அதுவரைக்கும் அவங்க தொட்டதில்லை.”

“அப்புறங்க?”

“இப்ப மாமா படையலோட அவங்களுக்கும் சேத்துப் போடறோம்.”

பூங்கோதை படிப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். குனிந்து உட்கார்ந்திருந்த மகளின் பின்கழுத்தில் கறுப்பாக ஒரு பட்டை தெரிந்தது. ஆறு மாதமாக எவ்வளவு தேய்த்துக் குளிப்பாட்டியும் போகாத கறுப்பு. அழுக்கு இல்லை, சர்க்கரை நோய் வரப்போவதன் அறிகுறி என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தேய்ப்பதை நிறுத்தினாள். ஸ்கேன் எடுத்தார்கள். ஈரலில் கொழுப்பு படிந்திருந்தது. பாக்கெட் தீனியை விட்டுவிட்டுச் சோறு, பயறு, காய், பழம் என்று வீட்டில் சாப்பிட்டால், ஓடியாடினால், சின்ன வயசு, சரியாகிவிடும் என்றார் டாக்டர். விடாவிட்டால் என்னவாகும் என்று அவள் கேட்கவில்லை. அதை அவள் பார்த்துவிட்டாள்.

பாக்கெட்டுகளை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டாள்.

“சரிங்க. வைக்கலை.”

“வீட்டுல?”

கை நின்றது.

“அங்கதானுங்க மாட்டிக்கிட்டேன். அவரு இருந்தப்ப சாயங்காலம் வந்தா இவளுக்கு ஒரு பாக்கெட் இல்லாம வர மாட்டாரு. இப்ப இவளே முக்குக் கடையில வாங்கிக்கறா. ஒரு நாள் புடுங்கி வீசிட்டேன். ‘அது அப்பாவோடது’ன்னு கத்தினா பாருங்க, தெருவே வந்துருச்சு. அப்புறம் எங்கிட்டப் பேசலை. சோறும் திங்கலை.” அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். “புடுங்கினா அவங்கப்பாவைப் புடுங்கின மாதிரி அழறா. விட்டா, இவளையும்... சாமி, அப்பாவை எடுக்காம பாக்கெட்டை மட்டும் எப்படிங்க எடுக்கறது?”

இதைக் கேட்கத்தான் அவள் வந்திருந்தாள் என்று சாமிக்குப் புரிந்தது. பைக்குள் கையை விட்டு அந்தச் சிப்ஸ் பாக்கெட்டை எடுத்துக்கொண்டு நேராகப் படிக்குப் போனார்.

“சாமி!” என்று பூங்கோதை பதறிப் பின்னாலேயே ஓடினாள்.

“கண்ணு,” என்றார் சாமி, “அப்பா இதை எப்படிச் சாப்பிடுவாருன்னு எனக்குக் காட்டுங்க.”

இலக்கியா அம்மாவைப் பார்த்தாள். பிறகு சாமியைப் பார்த்தாள்.

“திட்ட மாட்டீங்களே?”

“மாட்டேன்.”

அவள் படியில் ஓர் ஓரமாக நகர்ந்து உட்கார்ந்தாள்.

“அப்பா இங்க உக்காருவாரு. ஹெல்மெட் இங்க இருக்கும்.” மோர் டம்ளரைக் கவிழ்த்து ஹெல்மெட் இருந்த இடத்தில் வைத்தாள். அவள் குடிக்காத மோர் படியில் வழிந்தது. “ஷூவைக் கழட்ட மாட்டாரு. அம்மா உள்ள இருந்து சத்தம் போடும்.”

பாக்கெட்டைப் பிரித்தாள்.

“மொதல்ல எனக்கு ஒண்ணு குடுப்பாரு. அப்புறம் நான் அவருக்கு ஒண்ணு குடுப்பேன்.”

ஒரு சிப்ஸை எடுத்துப் பக்கத்திலிருந்த வெற்றிடத்துக்கு நேராக நீட்டினாள். கொஞ்ச நேரம் நீட்டியபடியே இருந்தாள். பிறகு அதைத் தன் வாயில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா எத்தனை திம்பாரு?”

“அந்த ஒண்ணுதான். வெளியில நெறைய திம்பாராம், அம்மா சொல்லும். எங்கூட உக்காந்தா ஒண்ணுதான். நான் திங்கறதைப் பாத்துக்கிட்டே இருப்பாரு. நல்லாருக்கா நல்லாருக்கான்னு கேப்பாரு.”

“இப்ப அவர் பங்கு?”

“அதையும் நானே திங்கறேன்.”

“தெனமுமா?”

“தெனமுந்தான்.”

சாமி பூங்கோதையிடம் திரும்பினார்.

“அந்நேரத்துக்கு நீங்க எங்க இருப்பீங்க?”

“அடுப்படியிலங்க. ராத்திரிக்கு இவளுக்குன்னு ஏதாச்சும் செஞ்சுக்கிட்டு.”

“இப்படி இடம் விட்டு உக்காருவான்னு தெரியுமா?”

“தெரியாதுங்க.”

சாமி கிணற்றடிக்குப் போய் மோர்ப்பானையைக் கழுவ ஆரம்பித்துவிட்டார்.

பூங்கோதை நின்றுகொண்டே இருந்தாள். மடத்துக்கு என்று எப்போதும் கொண்டுவருகிற தூக்குப்போசி அவள் கையில் இருந்தது. அன்று அதில் வேகவைத்த கடலைக்காய். அவள் இறங்கி வந்து, டம்ளரைக் கொஞ்சம் நகர்த்திவிட்டு, அந்த வெற்றிடத்தில் உட்கார்ந்தாள்.

“அம்மா, அது அப்பா...” என்றாள் இலக்கியா. அடுத்த சிப்ஸ் அவள் கையில் பாதி வழியில் நின்றது.

பூங்கோதை நகரவில்லை. மகள் நகரச் சொல்லிவிடுவாளோ என்று அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது.

வெகுநேரம் கழித்து அந்தக் கை மீதித் தூரத்தையும் வந்தது. பூங்கோதை சிப்ஸை வாங்கி மென்றாள்.

“நல்லாருக்கா?”

“உப்பு ஜாஸ்தி.”

“அப்பாவும் அப்படித்தான் சொல்லுவாரு,” என்றாள் இலக்கியா. லேசாகச் சிரித்தாள்.

பூங்கோதை போசியைத் திறந்தாள். ஒரு கடலைக்காயை நசுக்கி உடைத்து, பருப்பை எடுத்து மகளிடம் நீட்டினாள்.

“மொதல்ல உனக்கு.”

வீட்டில் தட்டில் வைத்தால் ஆறிப்போகிறவரை தொடாத பெண். இப்போது அம்மாவின் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வாங்கிக்கொண்டாள். அடுத்ததை உடைக்கிறவரை காத்திருந்தாள். பாக்கெட் இருவருக்கும் நடுவில் திறந்தபடியே கிடந்தது. அதிலும் ஒன்றிரண்டு எடுக்கத்தான் செய்தாள். ஆனால் கடலைக்காயை உடைக்கத் தானும் ஒரு கை பார்க்கலாம் என்று தோன்றிவிட்டது. இரண்டு கைக்கும் வேலை வந்ததில் அதன் பிறகு பாக்கெட் பக்கம் கை போகவில்லை. படியெல்லாம் தோலாகிவிட்டது.

வெயில் தாழ்ந்தது. பூங்கோதை எழுந்து கிணற்றடிக்கு வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“சாமி, படையலுக்கு நீங்க இன்னும் பதில் சொல்லலைங்க. அவருக்குப் பிடிச்சதைத்தானே வைக்கோணும்?”

“ஆமாங்க. அவருக்குப் பிடிச்சதைத்தான் வைக்கோணும்.”

“அதாங்க, எதை?”

சாமி பானையைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படியைக் காட்டினார். அங்கே இலக்கியா போசியை மடியில் வைத்துக்கொண்டு, உடையாத ஒரு கடலைக்காயைப் பல்லால் கடித்து உடைத்துக்கொண்டிருந்தாள்.

“அதா, பாப்பா சாப்பிடுது பாருங்க. அவருக்குப் பிடிச்சது அதுதானே?”